துரத்தியவர் எழுத்தும் ஓடியவர் குரலும்

1850 செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் தப்பியோடிய அடிமைகள் சட்டத்தை நிறைவேற்றியது. வடக்கு மாநிலத் தெரு ஒன்றில் போய்க்கொண்டிருக்கும் கறுப்பின மனிதரை மடக்கி, இவன் என் அடிமை என்று ஒருவர் உரிமை கோரினால் விசாரணை நடக்கும். அந்த விசாரணையில் பிடிபட்டவரின் சாட்சியத்தை ஏற்கக் கூடாது என்றது சட்டத்தின் ஆறாவது பிரிவு. ஜூரி கிடையாது. விசாரிக்கும் ஆணையருக்கு, பிடிபட்டவரைத் திருப்பி அனுப்பத் தீர்ப்பளித்தால் 10 டாலர் கட்டணம். விடுவித்தால் 5 டாலர். தப்பியவருக்குச் சோறும் இடமும் கொடுத்தவருக்கு 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. உரிமை கோருபவரின் பிரமாணப் பத்திரம் அங்கே பேசலாம். யாருடைய வாழ்க்கை தீர்ப்புக்கு நிற்கிறதோ அவர் மட்டும் வாய் திறக்கக் கூடாது.

அடிமைத்தளையிலிருந்து தப்பியவர்களைப் பாட வந்த கவிஞர்கள் எல்லோரும் இந்தச் சிக்கலில்தான் வந்து நிற்கிறார்கள். விளம்பரம், ஏல அறிவிப்பு, கப்பல் நாட்குறிப்பு, நீதிமன்றப் பதிவு என்று ஆவணக் காப்பகங்களில் குவிந்து கிடப்பது பெரும்பாலும் துரத்தியவர்களின் எழுத்து. பல தென் மாநிலங்களில் அடிமைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதே குற்றம். ஓடியவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. அப்படியிருக்க, அந்த இரவுகளை எந்தக் குரலில் சொல்வது? இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ராபர்ட் ஹேடன் இதற்கு ஒரு விடை கண்டார். பகையாளியின் எழுத்தையும் கவிதைக்குள் இழுத்துவந்து, ஓடுபவரின் மூச்சுக்கும் பாட்டுக்கும் முன்னால் நிறுத்தினார். சட்டம் மறுத்த சாட்சியத்தைக் கவிதை கேட்டுப் பதிவு செய்தது.

விளம்பரமும் பேட்டியும்

அந்த எழுத்து எப்படிப்பட்டது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1796 மே மாதம், அப்போது அமெரிக்காவின் தலைநகராக இருந்த பிலடெல்ஃபியா. ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் வீட்டார் இரவு உணவுக்கு அமர்ந்திருந்த நேரத்தில் மார்த்தா வாஷிங்டனின் பணிப்பெண் ஓனா ஜட்ஜ் வெளியேறினார். சில நாட்களில் வீட்டு மேலாளர் பெயரில் நாளிதழில் விளம்பரம் வந்தது. நடுத்தர உயரம், ஒல்லியான உடல், முகத்தில் நிறையப் புள்ளிகள், கறுத்த கண்கள், அடர்ந்த தலைமுடி, கையில் விதவிதமான நல்ல துணிகள் என்று அது அவரை அங்கம் அங்கமாக வர்ணித்தது. பிடித்துத் தருபவருக்கு 10 டாலர். அவர் ஓடிவிடுவார் என்ற சந்தேகமே யாருக்கும் எழவில்லை, ஓடும்படி எந்தத் தூண்டுதலும் நேரவில்லை என்றும் விளம்பரம் ஆச்சரியப்பட்டது.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, நியூ ஹாம்ஷயரில் வறுமையில் இருந்த ஓனா ஜட்ஜ் அடிமை ஒழிப்பு இதழ்களுக்குப் பேட்டி கொடுத்தார். வர்ஜீனியாவுக்குத் திரும்ப அந்த வீட்டார் மூட்டை கட்டியபோது தானும் ஓடுவதற்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். தன்னை மார்த்தாவின் பேத்திக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் முடிவெடுத்துவிட்டார். வாஷிங்டன் வீட்டை விட்டு வந்ததில் வருத்தம் உண்டா என்று கேட்டதற்கு, இல்லை, நான் சுதந்திரமானவள் என்று பதில் சொன்னார். 1848இல் இறக்கும்வரை சட்டத்தின் கண்ணில் அவர் அடிமையாகவே இருந்தார்.

விளம்பரத்தை மட்டும் படித்தால் கிடைப்பது நன்றிகெட்ட ஒரு வேலைக்காரி. பேட்டியை மட்டும் படித்தால் ஓர் உறுதியான பெண். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மூன்றாவதாக ஒன்று தெரிகிறது. தன் கண்ணெதிரே நடமாடிய ஒருத்தியின் மனத்தில் என்ன ஓடியது என்று அந்த வீட்டுக்குக் கடைசிவரை தெரியவில்லை. பல குரல்களை அடுக்கும் கவிதை இந்த மூன்றாவது உண்மையைத்தான் தேடுகிறது.

சொல்லக் கூடாத கதை

தப்பியவர்களே எழுதிய சுயசரிதைகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன. ஆனால் அவற்றிலும் தப்பித்த கட்டம் வரும்போது பல சமயம் பேச்சு நின்றுவிடுகிறது. 1838 செப்டம்பர் 3ஆம் தேதி ஃப்ரெடரிக் டக்ளஸ் மாலுமி உடை அணிந்து பால்டிமோரில் ரயிலேறித் தப்பினார். 1845இல் வந்த அவருடைய புகழ்பெற்ற சுயசரிதையில் எப்படித் தப்பினார் என்ற விவரம் இல்லை. சொன்னால் அடுத்தவருக்கு வழி அடைபடும் என்று காரணம் சொல்லியே மறைத்தார். முழுக் கதையும் 1881இல்தான் வெளிவந்தது. அதற்குள் அடிமை முறை ஒழிந்து பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவர் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. 1849 மார்ச்சில் ஹென்றி பிரவுன் தன்னை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து ஆணியடிக்கச் செய்து, ரிச்மண்டிலிருந்து பிலடெல்ஃபியாவுக்குப் பார்சலாகப் போய்ச் சேர்ந்தார். மூன்றடி நீளப் பெட்டியில் 27 மணி நேரம். மூடியைத் திறந்ததும் எழுந்து நின்று ஒரு சங்கீதம் பாடினார். அன்று முதல் அவர் 'பாக்ஸ்' பிரவுன். செய்தி ஊரெல்லாம் பரவியது. அதே வழியில் வேறு சிலரை அனுப்ப முயன்றபோது, அவரைப் பெட்டியில் அடைத்து அனுப்பிய சாமுவேல் ஸ்மித் பிடிபட்டுச் சிறைக்குப் போனார். அந்தச் செய்தி பரவாதிருந்தால் இன்னும் பலர் அதே வழியில் வந்திருப்பார்களே என்று டக்ளஸ் பிற்பாடு வருந்தி எழுதினார்.

ஆக, ஒருபுறம் எழுத்தறிவு மறுப்பு, மறுபுறம் பிறர் உயிருக்காகக் காத்த மௌனம். பிலடெல்ஃபியாவில் தன் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தவர்களிடம் பெயர், ஊர், பிரிந்த உறவு எல்லாவற்றையும் கேட்டு எழுதி ஒளித்து வைத்த வில்லியம் ஸ்டில், 1872இல்தான் அவற்றை நூலாக்கினார். அப்படி ஒருநாள் விவரம் சொல்லிக்கொண்டிருந்தவர், ஸ்டில் பிறக்கும் முன்பே தாய் அடிமைத்தளையில் விட்டுவர நேர்ந்த அவருடைய சொந்த அண்ணன் பீட்டர் என்று பேச்சின் நடுவே தெரியவந்தது.

ஒற்றைக் குரலின் எல்லை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கவிதைகள் பெரும்பாலும் ஒரே குரலில் இந்தக் கதையைச் சொல்லிப் பார்த்தன. 1842இல் லாங்ஃபெல்லோ சதுப்புநிலத்தில் பதுங்கியிருக்கும் வயோதிகரைத் தூரத்தில் நின்று இரக்கத்தோடு பார்த்தார். எலிசபெத் பேரட் பிரௌனிங் பாஸ்டன் அடிமை ஒழிப்பு இயக்கத்தின் ஆண்டு மலருக்காகத் தப்பியோடிய ஒரு தாயைத் தன்மையில் பேசவிட்டார். சுதந்திரக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்த ஃப்ரான்சஸ் ஹார்ப்பர், குழந்தையோடு பனியாற்றைக் கடக்கும் எலைசா என்ற தாயை 1853இல் பாடினார். அவர் வில்லியம் ஸ்டில்லோடு சேர்ந்து உழைத்தவர். அவர் கோபத்துக்குச் சொந்த அனுபவத்தின் சூடு இருந்தது.

இவை நல்லெண்ணத்தில் பிறந்தவை. பலரை இயக்கத்துக்குள் கொண்டுவந்தவை. ஆனாலும் இவற்றில் ஒரு குறை உண்டு. வாசகரிடம் இரக்கம் கேட்கும் வேலையைச் செய்வதால், ஓடுபவர் தனித்த துயர உருவமாகிவிடுகிறார். நாய்களை ஏவியவர்கள், விளம்பரம் அச்சிட்டவர்கள், களஞ்சியத்தில் ஒளித்து வைத்தவர்கள், கூட வந்து பயந்து நின்றவர்கள் யாருக்கும் அங்கே பேச்சில்லை. நிஜத்தில் ஒவ்வொரு தப்பித்தலும் பலர் கலந்துகொண்ட நிகழ்ச்சி.

ஹேடன் வந்த வழி

ராபர்ட் ஹேடன் 1913 ஆகஸ்ட் 4ஆம் தேதி டெட்ராய்ட்டில் பிறந்தார். அதே ஆண்டு மார்ச்சில்தான், தானும் தப்பி வந்து பிற அடிமைகளையும் மீட்டு அழைத்துவந்த ஹாரியட் டப்மன் நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் ஊரில் காலமாகியிருந்தார். ஏழைக் குடியிருப்பில் வளர்ப்புப் பெற்றோரிடம் வளர்ந்த ஹேடனுக்குச் சிறுவயதிலேயே பார்வை மிக மங்கல். புத்தகத்தை முகத்தோடு ஒட்டிவைத்துப் படித்தார். 1930களில் அரசின் எழுத்தாளர் திட்டத்தில் வேலைக்குச் சேர்ந்து கறுப்பின வரலாற்றையும் நாட்டார் வழக்காறுகளையும் திரட்டினார். ஆவணம் தேடும் பழக்கம் அங்கே ஊறியது. பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டபிள்யூ. எச். ஆடனிடம் கவிதை பயின்றார்.

அவரைத் தூண்டிய நூல் ஒன்று உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி ஸ்டீவன் வின்சென்ட் பெனே 1928இல் எழுதிய 'ஜான் பிரவுனின் உடல்' என்ற நெடுங்கவிதை. கறுப்பின மக்களின் காவியத்தைத் தன்னால் பாட முடியாது, அதைப் பாடுபவர் இனி வருவார் என்று பெனே அதில் ஒப்புக்கொண்டிருந்தார். அந்த இடத்தை நிரப்ப நினைத்த ஹேடன் 'கறுப்பு ஈட்டி' என்ற வரிசையை எழுதி 1942இல் பல்கலைக்கழகப் பரிசு பெற்றார். அந்த முயற்சியின் வழியில்தான் பின்னால் 'நடுக்கடல் பயணம்', 'ரனகேட் ரனகேட்' ஆகிய இரு கவிதைகளும் உருவாயின. இரண்டாவதன் தலைப்பு ஓடிப்போனவர் என்று பொருள்படும் பழஞ்சொல். அது 1949இல் லாங்ஸ்டன் ஹியூஸும் அர்னா போன்டெம்ப்ஸும் தொகுத்த நூலில் வந்தது. திருத்திய வடிவம் 1966இல் வெளியானது.

ஒரே பாட்டில் பல கூற்று

நம் அகப்பாடல்களில் தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று ஒரு பாட்டுக்கு ஒரு குரல். ஹேடனின் 'ரனகேட் ரனகேட்' ஒரே பாட்டுக்குள் கூற்றை மாற்றிக்கொண்டே போகிறது. யார் பேசுகிறார் என்று முன்கூட்டிச் சொல்வதும் இல்லை. எழுத்தின் சாய்வும் இடைவெளியும் பேச்சு நடையும்தான் அடையாளம்.

முதல் பகுதி தொடங்கும்போது எழுவாய் இல்லை, நிறுத்தற்குறி இல்லை. விழுந்து எழுந்து இருட்டுக்குள் போகும் வினைகள் மட்டும் ஒன்றன் மேல் ஒன்றாக வருகின்றன. இணைப்புச் சொற்கள் மூச்சு வாங்க விடுவதில்லை. வேட்டைக்காரர், நாய்கள், குளிர், ஆறு எல்லாம் ஒரே ஓட்டத்தில் வந்து மோதுகின்றன. ஓடுவது ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்று தெரிவதற்கு முன்பே வாசகரின் மூச்சு அந்த வேகத்தில் சிக்கிக்கொள்கிறது. நடுநடுவே கூட்டுப்பாடலின் பல்லவி போன்ற ஒரு துண்டு மேலெழுந்து அடங்குகிறது.

அப்புறம் சட்டென்று ஒரு விளம்பரம். ஓடிப்போன ஆணின் வயது, கால்சட்டை, காலணி. ஓடிப்போன பெண்ணின் இரு கன்னங்களிலும் சுட்ட எழுத்துகள். உடைமையின் அடையாளம் சொல்கிறோம் என்று நினைத்து எழுதியவர், தான் செய்த கொடுமைக்குத் தானே வாக்குமூலம் கொடுத்துவிடுகிறார். பெண்ணின் முகத்தில் சூடு போட்டது யார் என்று வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்யத் தேவையே இல்லை.

இதன்பிறகு ஹேடன் செய்வது மிக நுட்பமான வேலை. முடிந்தால் பிடித்துக் கொடுங்கள் என்கிற விளம்பரத்தின் குரல், நிறுத்தாமல் அப்படியே, பிடிக்கவே முடியாதவர்களைப் பற்றிய நாட்டார் கதையாக மாறுகிறது. பிடிக்கப்போனால் பூமிக்குள் மறைவார்கள், புதைமணலில் பாய்வார்கள், தேளாக உருமாறுவார்கள் என்று அது போகிறது. விளம்பரம் எழுதிய முதலாளியின் அச்சம் அது; தாழ்வாரத்தில் உட்கார்ந்து கதை சொன்ன அடிமைகளின் குதூகலமும் அதுவே. இரண்டும் ஒரே வாக்கியத்தில் கலந்திருக்க, பகையாளியின் வாயிலிருந்தே விடுதலைக் கதை பிறக்கிறது. உடனே ஆன்மிகப் பாடல் ஒன்று, அடிமையாக வாழ்வதைவிடச் சாவே மேல் என்ற உறுதியோடு, கூட்டுக் குரலாகச் சேர்கிறது.

அந்தப் பாடல் சும்மா ஒட்டவைத்த அலங்காரம் இல்லை. கானான் தேசத்தைப் பற்றித் தாங்கள் பாடியபோது மனத்தில் வடக்கு மாநிலங்களையே நினைத்ததாக டக்ளஸ் 1855இல் எழுதியிருக்கிறார். டப்மனும் பாட்டைச் சைகையாகப் பயன்படுத்தியதாக அவர் வாழ்க்கை வரலாற்றில் பதிவு உண்டு. எல்லாப் பாடலும் ரகசிய வரைபடம் என்று இன்று பரவலாகச் சொல்லப்படுவதற்கு அத்தனை வலுவான சான்று கிடையாது. வழிகாட்டிப் பாட்டு என்று புகழ்பெற்ற 'சுரைக்குடுக்கை' பாடலே 1928இல்தான் முதலில் அச்சேறியது. ஹேடன் பாடலை வரைபடமாகக் காட்டவில்லை. பயந்த கூட்டம் ஒன்று தன்னைத் திடப்படுத்திக்கொள்ளும் வழியாகக் காட்டுகிறார்.

இரண்டாம் பகுதியில் டப்மன் வருகிறார். இந்த இடத்தில் கவிஞர் ஒரு பெரிய சபலத்தை எதிர்த்து நின்றிருக்கிறார். வரலாற்று நாயகியைத் தன்மையில் பேசவிட்டிருக்கலாம். பதிலாக, அவரோடு நடந்த ஒருவர் பிற்காலத்தில் சபையார் முன் சொல்லும் சாட்சியமாக அந்த இரவு விரிகிறது. நிலவு வெளிச்சம், ஒளிய இடமில்லை, ரோந்துக்காரர் குதிரைகள் வருகின்றன. கூட்டத்தில் பயம் முணுமுணுக்கத் தொடங்குகிறது. டப்மன் திரும்பித் துப்பாக்கியை நீட்டுகிறார். நடந்தால் நட, இல்லாவிட்டால் சாவு என்பது அவர் பேச்சின் சாரம். எழுதப் படிக்கத் தெரியாத டப்மனின் வார்த்தைகள் சாரா பிராட்ஃபோர்டு போன்ற பிறர் எழுத்து வழியாகத்தான் உலகுக்கு வந்தன. தன் கவிதையிலும் அவர் பேச்சை இன்னொருவர் நினைவுக்குள் வைத்ததில் ஹேடனின் நேர்மை தெரிகிறது. தலைவரின் வீரத்தோடு தொண்டரின் பயமும் அங்கே பதிவாகிறது. விடுதலைக்குப் போகும் வழியில் திரும்பிவிடலாமா என்று நினைத்தவரும் மனிதர்தான் என்பதை ஒற்றைக் குரல் கவிதைகள் சொல்லவே இல்லை.

அந்தக் கதை முடிந்த அடுத்த நொடி மீண்டும் ஓர் அறிவிப்பு. டப்மனின் மாற்றுப் பெயர்கள், அவர் அடிமைகளைத் திருடுபவர் என்ற குற்றச்சாட்டு, கூட்டாளிகளாகக் காரிசன், எமர்சன், தோரோ, டக்ளஸ், தாமஸ் காரட், ஜான் பிரவுன் முதலானோர், உயிரோடோ பிணமாகவோ கொண்டுவந்தால் சன்மானம். குற்றப் பட்டியலாக எழுதப்பட்டது இன்று புகழ்ப் பட்டியலாக ஒலிக்கிறது. கடைசியில் தீர்க்கதரிசியிடம் கேட்கும் கேள்வி, ஆந்தையின் அலறல், இலைகளுக்குள் இருந்து வரும் அழைப்பு, ஓடும் ரயிலின் தாளம் எல்லாம் ஒன்று சேர்கின்றன. சுதந்திரமாவேன் என்ற தீர்மானத்தை முடிவில் யார் சொல்கிறார் என்று கவிதை சொல்வதில்லை. அத்தனை குரல்களுக்கும் அது பொது.

ஆவணமும் கற்பனையும்

அந்தக் கடைசி அறிவிப்பு ஹேடனின் ஆக்கம் என்பதை வாசகர் தெரிந்துகொள்வது நல்லது. டப்மன் தலைக்கு 40,000 டாலர் விலை என்ற கதைக்கு ஆதாரம் இல்லை. அவரைத் தேடி வந்ததாக உறுதியாகத் தெரியும் விளம்பரம் 1849 அக்டோபர் 3ஆம் தேதியிட்டது. மேரிலாந்தின் எலைசா பிரோடெஸ் என்ற உரிமையாளர் 'மின்டி' என்று அழைக்கப்பட்ட டப்மனும் அவருடைய இரு சகோதரர்களும் ஓடிவிட்டதாக அறிவித்தார். மாநிலத்துக்கு வெளியே பிடித்தால் தலைக்கு 100 டாலர், உள்ளே பிடித்தால் 50. மின்டிக்கு 27 வயது இருக்கும், உயரம் ஐந்தடி, பார்க்க நன்றாக இருப்பார் என்கிறது அது. சகோதரர்கள் பயந்து திரும்பினர். அவரையும் திரும்ப வைத்தனர். சில காலத்தில் அவர் தனியே கிளம்பிவிட்டார். 300 பேரை மீட்டார் என்ற பழைய கணக்கையும் ஆய்வாளர்கள் திருத்தியிருக்கிறார்கள். சுமார் 13 பயணங்கள், ஏறத்தாழ 70 பேர். புராணத்தைக் கழித்த பிறகும் அவர் செய்தது பிரமிக்க வைப்பதே.

'நடுக்கடல் பயணம்' இதே முறையை இன்னும் கடுமையாகக் கையாள்கிறது. கப்பல் நாட்குறிப்பு எழுதுபவர், நீதிமன்றத்தில் வாக்குமூலம் கொடுக்கும் மாலுமி, பழைய நினைவுகளைச் சொல்லும் ஓய்வுபெற்ற அடிமை வணிகர், அமிஸ்டாட் கப்பலில் உயிர் தப்பிய ஸ்பானியர் என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் குற்றவாளிகள். 1839 ஜூலையில் அக்கப்பலைக் கைப்பற்றிய 53 ஆப்பிரிக்கர்களின் தலைவர் சின்கே அதில் நேரடியாகப் பேசுவதில்லை. அவரைப் பழித்துப் பேசும் ஸ்பானியரின் வாயிலிருந்தே அவர் வீரம் வாசகருக்குத் தெரிகிறது. 1841 மார்ச் 9ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த ஆப்பிரிக்கர்களைச் சுதந்திரமானவர்கள் என்று தீர்ப்பளித்தது. அவர்களுக்காக வாதாடிய முன்னாள் ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் மீதான அந்த ஸ்பானியரின் எரிச்சலும் கவிதையில் பதிவாகியிருக்கிறது.

இந்த வழி ஹேடனோடு நின்றுவிடவில்லை. 1781இல் ஸாங் கப்பலிலிருந்து 130க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் கடலில் வீசப்பட்டனர். அதன் காப்பீட்டு வழக்கின் சட்ட அறிக்கையிலுள்ள சொற்களையே சிதைத்துக் கலைத்து, வழக்கறிஞராக இருந்த எம். நூர்பெஸ் ஃபிலிப் 2008இல் ஒரு நூல் முழுக்கக் கவிதை செய்தார். 2017இல் புலிட்சர் பரிசு பெற்ற 'ஓலியோ' நூலில் டயஹிம்பா ஜெஸ் 'பாக்ஸ்' பிரவுனைத் திரும்பப் பேசவைத்தார். ஜான் பெரிமன் என்ற வெள்ளைக் கவிஞர் தன் 'கனவுப் பாடல்கள்' நூலில் ஹென்றி என்ற பாத்திரத்துக்கு இடையிடையே கறுப்பினப் பேச்சுவழக்கைப் பூசியிருந்தார். ஜெஸ் அதே பாடல் வடிவத்தை எடுத்து, உள்ளே நிஜ ஹென்றி பிரவுனைக் குடியேற்றினார். இரவல் வாங்கப்பட்ட குரல் உரியவரிடம் திரும்பியது.

தமிழகக் கல்லூரிகளின் ஆங்கில இலக்கிய வகுப்புகளில் அமெரிக்கக் கறுப்பின இலக்கியம் பல ஆண்டுகளாகப் பாடமாக இருக்கிறது. ஹேடனின் கவிதையை அங்கே ஒரே ஆசிரியர் ஒரே தொனியில் வாசித்துக் குறிப்பு எழுதவைப்பதில் பயனில்லை. விளம்பரத்தை ஒரு மாணவரும், சபையில் சாட்சி சொல்பவரை இன்னொருவரும், டப்மனின் பேச்சை ஒரு மாணவியும், பல்லவியை வகுப்பு முழுவதும் உரக்கப் படிக்கட்டும். கூடவே ஓனா ஜட்ஜைத் தேடிய விளம்பரத்தையும் அவர் கொடுத்த பேட்டியையும் ஆசிரியர்கள் மாணவர்கள் கையில் கொடுக்க வேண்டும்.